உணர்வில்லாமல் ஜெபிப்பது மாய்மாலமா?

கேள்வி: ஐயா, எனக்கு 43 வயது. மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்க்கிறேன். சின்ன வயதிலிருந்தே காலையில் ஜெபித்துவிட்டுத்தான் எதையும் தொடங்குவேன். வேலைக்கு வந்தபிறகு ஷிப்ட் மாறி மாறி வருவதால் அதிகாலை ஜெபம் ஒழுங்காக நடப்பதில்லை. அதில் எப்போதுமே எனக்கு ஒரு குற்ற உணர்வு உண்டு. கடந்த எட்டு மாதமாக நிலைமை இன்னும் மோசம். முழங்கால் போட்டால் வார்த்தை வருவதில்லை. வந்தாலும் சுவரோடு பேசுவதுபோல் இருக்கிறது. இதற்கிடையில் என் அண்ணனும் நோயில் காலமானார். சபையில் என்னை நன்றாக ஜெபிக்கிறவள் என்று சொல்கிறார்கள். கூட்டத்தில் ஜெபிக்கச் சொன்னால் வாய் தடையில்லாமல் பேசுகிறது, உள்ளே ஒன்றும் இல்லை. இது மாய்மாலம்தானே? மனது வரும்போது மட்டும் ஜெபித்தால் போதாதா? தினமும் ஜெபிப்பதால் உண்மையில் என்ன ஆவிக்குரிய நன்மை?

பெயர் வெளியிட விரும்பாத சகோதரி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். முதல் இரண்டு தடவையும் ஷிப்ட், குற்ற உணர்வு, வறட்சி, மாய்மாலம் என்று நீங்கள் எழுதியிருந்தவற்றுக்கு மனதுக்குள் பதில் தேடிக்கொண்டே போனேன். மூன்றாவது தடவைதான் ஒரு வரியில் கண் நின்றது. "இதற்கிடையில் என் அண்ணனும் நோயில் காலமானார்." அவ்வளவுதான். அதற்கு முன்னும் பின்னும் ஒன்றுமில்லை. ஷிப்டைப் பற்றிக்கூட இதைவிட அதிகமாக எழுதியிருக்கிறீர்கள்.

அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இருபது வருடத்துக்கும் மேலாக ஆயராக இருக்கிறேன். ஜெபிக்க முடியவில்லை என்று வந்து உட்கார்கிறவர்களிடம் பேச்சோடு பேச்சாக, "இது எப்போதிலிருந்து?" என்று கேட்பேன். பலருக்கு அந்த நாளும் ஒரு இழப்பு நடந்த நாளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அவர்கள் அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

அண்ணனுக்காக நீங்கள் எவ்வளவு ஜெபித்திருப்பீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. பரிசோதனை அறிக்கையைப் பார்த்தாலே விஷயம் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும் வேலை உங்களுடையது. தெரிந்தும் ஜெபித்திருப்பீர்கள். அவர் பிழைக்கவில்லை. சில நாள் கழித்து அதே அறையில், அதே இடத்தில் முழங்கால் போட்டு "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று தொடங்கியிருப்பீர்கள். வாய் எப்படி வரும்?

நமக்கு வேண்டிய ஒருவரிடம் பெரிய மனத்தாங்கல் இருக்கிறது என்று வையுங்கள். அதை மட்டும் எடுக்காமல் மற்றதையெல்லாம் பேசிப் பாருங்கள். உடம்பு எப்படி இருக்கிறது, வேலை எப்படிப் போகிறது என்று கொஞ்சம் ஓடும். அப்புறம் இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். சொல்லாமல் வைத்திருக்கும் அந்த ஒன்று மற்ற எல்லாப் பேச்சையும் விழுங்கிவிடும். உங்கள் ஜெப அறையில் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

யோவான் 11-ஐ நீங்கள் எத்தனையோ முறை வாசித்திருப்பீர்கள். இந்தத் தடவை அதை அண்ணனை இழந்த தங்கையாக வாசியுங்கள். லாசரு வியாதியாயிருக்கிறான் என்று சகோதரிகள் சொல்லியனுப்பினார்கள். அதுவும் ஒரு ஜெபம்தான். இயேசுவோ தாம் இருந்த இடத்திலேயே இன்னும் இரண்டு நாள் தங்கினார். அவர் வந்து சேர்ந்தபோது கல்லறையில் வைத்து நான்கு நாளாகிவிட்டது. மார்த்தாள் எதிர்கொண்டு போய்ச் சொன்ன முதல் வார்த்தையைப் பாருங்கள்: "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." பிறகு மரியாள் வந்தாள். அவளும் அதையேதான் சொன்னாள். அந்த நான்கு நாளும் வீட்டுக்குள் இரண்டு பேரும் இதைத்தான் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள். இயேசு அவர்களை, "என்னிடம் இப்படியா பேசுவது?" என்று கேட்கவில்லை. மரியாள் அழுகிறதைக் கண்டு கலங்கினார். அவனை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டார். கண்ணீர் விட்டார்.

லாசரு எழுந்தான், என் அண்ணன் எழவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் விளக்கம் கிடையாது. உயிர்த்தெழுதல் உண்டு என்று விசுவாசிக்கிறேன். அந்த விசுவாசத்தோடுதான் கல்லறைகளுக்கு அருகே நின்று ஜெபித்திருக்கிறேன். ஆனால் ஏன் இவர், ஏன் இப்போது என்கிற கேள்விக்கு அது பதிலாகாது. பதில் வைத்திருக்கிறதாகச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் உங்களைக் காயப்படுத்திவிட்டுப் போய்விடுவார்கள். நான் சொல்ல வருவது வேறு. மார்த்தாள் அந்த வாக்கியத்தை விழுங்கிவிட்டு, "வாருங்கள் ஆண்டவரே, உட்காருங்கள்" என்று உபசரித்திருந்தால் அன்றைக்கு அங்கே என்ன பேச்சு நடந்திருக்கும்? அவள் குறையைச் சொன்னதால்தான் "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்ற வார்த்தை அவள் காதில் விழுந்தது. குறை சொன்னவளிடம்தான் அது சொல்லப்பட்டது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தினமும் ஜெபிப்பதால் என்ன நன்மை? பலன் பல உண்டு. நான் முதலாவதாக வைப்பது இதைத்தான்: தினமும் தேவனுக்கு முன் போய் உட்காருகிற ஒருவரால் எதையும் அதிக நாள் மறைக்க முடியாது. மனது வரும்போது மட்டும் போகிறவர் தன்னுடைய நல்ல முகத்தோடு மட்டும் போய்க்கொண்டே இருக்கலாம், வருடக்கணக்கில்கூட. தினமும் போகிறவர் கோபத்தோடும் போக வேண்டியிருக்கும், சலிப்போடும், அவமானத்தோடும், தூக்கக் கலக்கத்தோடும். பாதிப் பொய்யோடு ஒரு வாரம் உட்காரலாம். எட்டு மாதம் முடியாது. நீங்கள் முட்டி நிற்கிற அந்தச் சுவர் இருக்கிறதே, அதை ஜெபம் செத்துப்போனதற்கு அடையாளமாக நான் பார்க்கவில்லை. தினமும் ஜெபிக்கிற பழக்கம் தன் வேலையைச் செய்து, சொல்லாத அந்த ஒன்றின் முன்னால் உங்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. பழக்கம் இல்லாதிருந்தால் நீங்கள் எப்போதோ சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போயிருப்பீர்கள்.

88ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 150 சங்கீதங்களில் இதைப்போல இருண்டது வேறில்லை. புலம்பலாகத் தொடங்கும் மற்ற சங்கீதங்கள் பெரும்பாலும் ஓரிடத்தில் திரும்பி நம்பிக்கைக்கு வந்துவிடும். 13ஆம் சங்கீதத்தை, "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று கேட்டுத் தொடங்கிய தாவீது ஆறே வசனத்தில் பாடிவிடுகிறான். 88 அப்படித் திரும்புவதே இல்லை. தோழர்கள் விலகிப்போனார்கள், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று இருட்டிலேயே நின்றுவிடுகிறது. இப்போது அதன் 9ஆம் வசனத்தைப் பாருங்கள்: "அநுதினமும் நான் உம்மை நோக்கிக் கூப்பிட்டு, உமக்கு நேராக என் கைகளை விரிக்கிறேன்." 13ஆம் வசனம்: "காலையிலே என் விண்ணப்பம் உமக்கு முன்பாக வரும்." அநுதினமும், காலையிலே! வேதத்தின் மிக இருண்ட ஜெபத்தைச் சொன்ன ஏமான் தினமும் தவறாமல் காலையில் ஜெபித்தவர். உங்களைப் போன்ற ஒருவர். "ஏன் உமது முகத்தை மறைக்கிறீர்?" என்ற கேள்வியை அவர் தேவனுடைய முகத்துக்கு நேராகவே கேட்கிறார். அந்த ஜெபத்தை யாரும் திருத்தவில்லை. இறுதியில் ஒரு நல்ல வசனம் சேர்த்து முடித்து வைக்கவும் இல்லை. அப்படியே வேதத்தில் இருக்கிறது.

சரி, மாய்மாலம். மலைப்பிரசங்கத்தில் இயேசு மாயக்காரர் என்கிறபோது மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல்லுக்கு நாடக நடிகன் என்றே பொருள். அவர்கள் செய்த தவறு என்னவென்று அவரே சொல்கிறார். மனுஷர் காணும்படிக்கு நின்று ஜெபம்பண்ண விரும்பினார்கள். உள்ளே உணர்ச்சி இருந்ததா இல்லையா என்ற பேச்சே அங்கே இல்லை. நீங்கள் கதவை அடைத்துக்கொண்டு, பார்க்க யாரும் இல்லாத இடத்தில், ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தும் முழங்கால் போடுகிறீர்கள். அதில் நடிப்பு எங்கே இருக்கிறது? நோயாளியின் கட்டை மாற்றும்போது ஒவ்வொரு தடவையும் உள்ளம் உருகியா மாற்றுகிறீர்கள்? சில நாள் களைப்பாக இருக்கும். அப்போதும் கை சுத்தமாகத்தான் வேலை செய்கிறது. அந்த நோயாளி உங்களை நடிக்கிறவர் என்று சொல்வாரா?

கூட்டத்தில் ஜெபிப்பது வேறு விஷயம். அங்கே நீங்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம், நான் அதை மழுப்பவில்லை. பழகிய வாய் தானாக ஓடும். எனக்கும் ஓடியிருக்கிறது. பிரசங்கபீடத்திலிருந்து இறங்கும்போதே என்ன ஜெபித்தேன் என்று மறந்துபோன ஞாயிறுகள் உண்டு. கொஞ்ச நாளைக்கு யாராவது கேட்டால், "இன்றைக்கு நான் ஒரு சங்கீதம் வாசிக்கிறேன், வேறு யாராவது ஜெபியுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். காரணம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதிலேயே உங்கள் மனது பாதி இலகுவாகும்.

மனது வரும்போது மட்டும் போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது என்று உங்களை மிரட்ட எனக்கு விருப்பமில்லை. கிருபை நம் வருகைப் பதிவேட்டைப் பார்த்து வருவதில்லை. ஆனால் இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்திலேயே ஒரு வார்த்தை இருக்கிறது, "இன்று". இன்றைக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று தாரும். நாளைக்கு என்றால் நாளை மறுபடியும் வந்து கேட்க வேண்டும் என்கிற மாதிரிதான் அந்த ஜெபம் அமைந்திருக்கிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் கொடுத்த மன்னா என்ற ஆகாரமும் அப்படித்தான். அந்தந்த நாளுக்கு உள்ளதை அந்தந்த நாளில் பொறுக்க வேண்டும். ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் விதிவிலக்கு. மற்ற நாளில் மீதி வைத்தது காலையில் பூச்சிபிடித்துக் கிடந்தது. உங்கள் கடிதத்தில் ஒரு ஏக்கம் தெரிகிறது. முன்பு இருந்த ஆர்வம், முன்பு வந்த கண்ணீர், முன்பு கிடைத்த சமாதானம். அது அன்றைக்குரிய மன்னா, சகோதரி. நல்லதுதான், உண்மையானதுதான், சாப்பிட்டாயிற்று. 43 வயதில், அண்ணன் போனபிறகு உங்களுக்குக் கொடுக்கப்படுவது வேறு ருசியாக இருக்கலாம். பொறுக்கப் போகாமல் அது என்னவென்று தெரியாது.

இன்னொரு நன்மையையும் சொல்கிறேன். இதை நான் என் வாழ்க்கையில் மெதுவாகத்தான் கற்றேன். சில வருடங்களுக்கு முன் ஒருவர் எனக்குப் பெரிய மனவேதனை கொடுத்தார். கூட்டங்களில் நான் எதைச் சொன்னாலும் எதிர்த்தார், வெளியிலும் பேசினார். அவருக்காக ஜெபிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். உபதேசிக்கிறவன் ஆயிற்றே. ஒரு சீட்டில் அவர் பெயரை எழுதி வேதாகமத்தில் வைத்து, தினமும் காலையில் அந்தப் பெயரை மட்டும் வாய்விட்டுச் சொல்வேன். "ஆண்டவரே, இவரை ஆசீர்வதியும்" என்று சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். எந்த நல்ல உணர்வும் இல்லை. இரண்டு மாதம் போனது, மூன்று மாதம் போனது. ஒருநாள் கூட்டத்தில் அவர் எதிரே உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் அவருடைய சட்டைக் கையின் விளிம்பு நைந்து நூல் பிரிந்திருப்பதைப் பார்த்தேன். பேசும்போது கை லேசாக நடுங்குவதையும் பார்த்தேன். எத்தனையோ கூட்டத்தில் அதே மேஜைக்கு எதிரே இருந்த மனிதர். அதுவரை நான் அவருடைய வார்த்தையைத் தவிர எதையும் பார்த்ததில்லை. கூட்டம் முடிந்து, "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு அவர் சொன்னதெல்லாம் அவருடைய சொந்த விஷயம், இங்கே எழுத மாட்டேன். நாங்கள் அதன்பிறகும் எல்லாவற்றிலும் ஒத்துப்போனோம் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என் வாயில் வருவதற்கு மூன்று மாதக் காலை ஜெபம் தேவைப்பட்டது. ஒரு காலையில்கூட ஏதாவது நடக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜெபத்தின் பலனை ஜெப நேரத்துக்குள்ளேயே தேடினால் பெரும்பாலும் ஏமாந்துபோவோம். அது மத்தியானம் மூன்று மணிக்கு, யாரோ எரிச்சலாகப் பேசும்போது நம் வாயிலிருந்து வராமல் போகும் பதிலில் இருக்கும். உங்கள் வார்டில் இந்த எட்டு மாதம் நீங்கள் எப்படி இருந்திருக்கிறீர்கள் என்று உங்களோடு வேலை செய்கிற ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். உள்ளே ஒன்றும் இல்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

மூன்றாவதாக, தினமும் சொன்ன ஜெபம் நமக்கே தெரியாமல் ஆழத்தில் போய்த் தங்கிவிடுகிறது. வயதான ஒரு தாயாரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். ஞாபகம் போய்விட்டது. மகனைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்பார்கள். ஒருநாள் எனக்கு அடுத்த வேலை இருந்தது, கொஞ்சம் அவசரமாகவே கர்த்தருடைய ஜெபத்தைத் தொடங்கினேன். "பரமண்டலங்களிலிருக்கிற" என்றதும் அவர்களுடைய உதடு அசைய ஆரம்பித்தது. நான் வேகமாகப் போனேன், அவர்கள் தன் வேகத்திலேயே வந்தார்கள். "எங்கள் குற்றங்களை எங்களுக்கு மன்னியும்" என்று அவர்கள் சொல்லும்போது நான் இரண்டு வரி முன்னால் இருந்தேன். நிறுத்திவிட்டுத் திரும்ப வந்து சேர்ந்துகொண்டேன். "ஆமென்" என்று முடித்துவிட்டு, பக்கத்தில் நின்ற மகனைப் பார்த்து மறுபடியும் நீங்கள் யார் என்றார்கள். எழுபது வருடமாகத் தினமும் சொன்னது. அதில் எத்தனை நாள் உணர்வோடு சொன்னார்கள், எத்தனை நாள் வெறுமனே சொன்னார்கள் என்று யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்? எல்லாம் சேர்ந்துதான் அங்கே தங்கியிருந்தது.

நீங்கள் வறட்சி என்று சொல்வது சபைக்குப் புதிதல்ல. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த அவிலா ஊர் தெரேசா என்ற கன்னிகாஸ்திரி, ஜெபத்தைப் பற்றி உலகத்துக்கே கற்றுக்கொடுத்தவர். பல வருடம் ஜெப நேரத்தில் மணி எப்போது அடிக்கும் என்றே காது கொடுத்துக்கொண்டிருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். மார்ட்டின் லூத்தர் தன்னுடைய முடிதிருத்துநர் பேதுரு எப்படி ஜெபிப்பது என்று கேட்டதற்கு 1535-ல் பதில் எழுதினார். தன் மனம் ஜெபத்தில் ஆர்வமற்றுக் குளிர்ந்துபோவதுண்டு என்று ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். அப்படியான நேரத்தில் சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்கோ ஆலயத்துக்கோ போய், பத்துக் கற்பனைகளையும் விசுவாசப்பிரமாணத்தையும் சின்னப் பிள்ளைகள் சொல்வதுபோல வாய்விட்டுச் சொல்வாராம். சீர்திருத்தத்தையே தொடங்கி வைத்தவர், பிள்ளைகள் ஒப்பிக்கிற மாதிரி! எனக்கு இது பெரிய ஆறுதல். சொந்த வார்த்தை வராத நாளில் இரவல் வார்த்தையைப் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதே காலத்தில் இயேசு சபை என்ற துறவற சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியாரின் அறிவுரை ஒன்றும் உங்களுக்குப் பொருந்தும். மனம் இருண்டிருக்கும் காலத்தில், வெளிச்சமான காலத்தில் எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பார். தினமும் ஜெபிப்பேன் என்று நீங்கள் தீர்மானித்தது நல்ல காலத்தில். அதை விட்டுவிடலாமா என்று இந்த எட்டு மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டாம்.

ஷிப்ட் விஷயத்தில் உங்கள் குற்ற உணர்வை நீங்கள் இன்றே கீழே வைத்துவிடலாம். அதிகாலை நல்ல நேரம்தான், இயேசுவே இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போனார். ஆனால் இன்னொரு நாள் இரவு முழுவதும் ஜெபித்தார். தானியேல் தினம் மூன்று வேளை. பவுலும் சீலாவும் சிறையில் நடுராத்திரியில். 134ஆம் சங்கீதம் மொத்தமே மூன்று வசனம். இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கிற ஊழியக்காரருக்காகவே எழுதப்பட்டது. இரவு ஷிப்டுக்கு இதைவிடப் பொருத்தமான சங்கீதம் எனக்குத் தெரியாது. கடிகாரத்தோடு கட்டாமல், தினமும் கட்டாயம் செய்கிற ஒரு வேலையோடு ஜெபத்தைக் கட்டுங்கள். எந்த ஷிப்டாக இருந்தாலும் சீருடை போடத்தானே வேண்டும்? சீருடையை எடுத்து வைத்துவிட்டு, போடுவதற்கு முன் பத்து நிமிடம். காலை ஆறு மணியானாலும் இரவு ஒன்பது மணியானாலும் அதுதான் உங்கள் அறைவீடு.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்வது? முதல் ஒரு மாதத்துக்கு மட்டும் சொல்கிறேன். ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். புலம்பல் சங்கீதங்களைத் தேடி எடுங்கள், ஸ்தோத்திர சங்கீதங்கள் காத்திருக்கும். பிறகு ஒரே ஒரு உண்மையான வாக்கியத்தை உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள். "எனக்கு உம்மேல் கோபமாக இருக்கிறது" என்பதும் வாக்கியம்தான். "இன்றைக்கு எனக்கு ஒன்றும் சொல்ல இல்லை" என்பதும்தான். மார்த்தாளுடைய வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொண்டாலும் சரி. சொல்லிவிட்டு உடனே அதற்குச் சமாதானம் சொல்லாதீர்கள். "இருந்தாலும் உமக்கு ஸ்தோத்திரம்" என்று ஒட்டுப்போட வேண்டாம். ஸ்தோத்திரம் வருகிற நாளில் அதுவாக வரும். கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். வார்த்தையே வராமல் பெருமூச்சுதான் வந்தால், ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று பவுல் எழுதியிருக்கிறார், அது போதும். பிறகு கர்த்தருடைய ஜெபத்தை மெதுவாகச் சொல்லி எழுந்துவிடுங்கள். அதில் "எங்கள் பிதாவே" என்றுதானே வருகிறது, நீங்கள் தனியாகச் சொல்லும்போதும். உங்களால் முடியாத நாளில் மற்றவர்களுடைய வாய் உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறது.

வேலை நேரத்தில் நீண்ட ஜெபத்துக்கு முயல வேண்டாம். எகிப்தின் வனாந்தரத் துறவிகள் அடிக்கடி, மிகச் சுருக்கமாக, அம்பு எய்வதுபோல ஜெபித்ததாக ஆதித் திருச்சபையின் ஆயர் அகஸ்தீனார் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புரோபா என்ற விதவைக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். ஜெபம் நீளும்போது கவனம் மழுங்கிவிடக் கூடாது என்பதே காரணம். அந்தத் துறவிகளுக்குப் பிரியமான ஒரு வரி 70ஆம் சங்கீதத்தின் தொடக்கம்: "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்." ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்கு நடக்கும் தூரத்தில் இதைச் சொல்லி முடித்துவிடலாம்.

ஒன்றைக் கேட்க வேண்டும். தூக்கம் எப்படி இருக்கிறது? சாப்பாடு? எதிலும் பிடிப்பில்லாமல், எழுந்திருக்கவே மனமில்லாமல் வாரக்கணக்கில் போகிறதா? அப்படியிருந்தால் தயவுசெய்து ஒரு மருத்துவரைப் பாருங்கள். மற்றவர்களுக்கு நீங்கள் சொல்கிற ஆலோசனைதான் இது. எலியா சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு தன் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டபோது தேவன் அவனுக்கு உடனே பிரசங்கம் பண்ணவில்லை. தூதன் வந்து தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். மறுபடி தூங்கினான், மறுபடி சாப்பாடு. தேவன் அவனோடு பேசிய அமர்ந்த மெல்லிய சத்தம் அதற்கு நாற்பது நாள் கழித்துத்தான். துக்கம் வியாதியல்ல, ஆனால் துக்கத்துக்குள் வியாதி ஒளிந்திருக்கவும் கூடும். மருந்து தேவைப்பட்டால் அது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் அண்ணனுடைய பெயர் இல்லை. பத்திரிகையில் வெளிவரும் என்பதால் விட்டிருப்பீர்கள், அது சரிதான். எனக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். அவர் எப்படிப்பட்டவர், சின்ன வயதில் உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார், எதற்கெல்லாம் சண்டை போட்டீர்கள், எல்லாம் எழுதுங்கள். எத்தனை பக்கமானாலும் வாசிப்பேன். அண்ணியும் பிள்ளைகளும் இருந்தால் அவர்கள் பெயரையும் எழுதுங்கள். என் வேதாகமத்தில் இன்னும் அப்படிச் சீட்டுகள் வைத்திருக்கிறேன். உங்களுக்காக ஒன்று ஏற்கெனவே வைத்தாயிற்று. பெயர் தெரியாததால் "அண்ணனை இழந்த தங்கை" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.